நெத்திலிப் பொடியும் ஸ்டெல்லா அக்காவின் பதிலும்

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார் என்று வார்டின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் ரத்தக் குப்பிகளைக் குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வேலைக்குக் கிளம்பும்போது மாரடைப்பு. செரண்டா ஊரில் இருந்த அவர் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கையுறையைக் கழற்றத் தோன்றாமல் நின்றேன்.

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் மூத்த தாதி. நான் அங்கே ஓர் ஆய்வில் உதவியாளர். உயிருக்குப் போராடும் பிள்ளைகளின் ரத்தத்தில் செலினியம் என்ற சத்து எவ்வளவு இருக்கிறது, அவர்கள் தேறும்போது அது ஏறுகிறதா என்று பார்க்கிறோம். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான். ஆனாலும் கட்டிலருகே நிற்கும் ஒரு தாயிடம் பேச எனக்கு வாய் வராது.

ஆய்வுக்கென்று தனியாக ரத்தம் எடுக்க அக்கா விட்டதில்லை. "டாக்டர் டெஸ்டுக்கு எடுக்கறப்போ ஒனக்கும் சேத்துத் தரேன். ஒன் ஆய்வுக்காகப் புள்ளைய இன்னொரு தடவ குத்த முடியாது லா. போய்த் தேத்தண்ணி குடி." அவரோடு வேலை செய்த எல்லோருக்கும் அந்தக் குரல் இன்னும் கேட்கும்.

கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றிலிருந்து தர்ஷினி வந்தாள். நான்கு வயது. நுரையீரலில் தொடங்கிய கிருமி ரத்தத்தில் பரவியிருந்தது. ஆய்வுக்குச் சம்மதம் கேட்ட டாக்டர், கடும் நோயில் இந்தச் சத்து குறைந்து காணப்படும், மீனிலும் முட்டையிலும் அது உண்டு என்று விளக்கினார். தாய் லெட்சுமியின் மனதில் மீன் மட்டும் தங்கிவிட்டது.

மறுநாள் ஒரு பால்மாவு டின்னோடு அக்காவிடம் வந்தார். தாதிகளை அவர் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார். "நல்ல நெத்திலி மிஸ்ஸி. செகிஞ்சான் மீன் கடையில வாங்கியாரச் சொல்லி நானே வறுத்து அரைச்சேன். பால்ல கலந்து அந்த மூக்குக் குழாயில ஊத்துங்க."

அக்கா டின்னைத் திறந்து முகர்ந்தார். "மொளகா போட்டியா?"

"இல்ல மிஸ்ஸி, புள்ளைக்கு ஒறைக்கும்."

"அப்ப இது எனக்கு ஆவாது."

லெட்சுமி சிரித்தார். சிரித்த வாயோடே அழுதார். "குழாய் அடைச்சிக்கும்மா. அவ எந்திரிச்சிக் கஞ்சி குடிக்கட்டும், நானே தூவித் தரேன்" என்று அக்கா டின்னை வார்டு அலமாரியில் வைத்தார்.

தர்ஷினி எழுந்திருக்கவில்லை. பக்கத்துக் கட்டில் பையன் தேறத் தேற அவனுடைய செலினியம் அளவு ஏறியது. இவளுடையது கடைசிவரை ஏறவேயில்லை.

லெட்சுமி டின்னை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாதி நாளு வெறும் சோறும் ரசமுந்தான் மிஸ்ஸி. நாந்தானே எம்புள்ளையக் கொன்னுட்டேன்?"

அக்காவும் தரையில் உட்கார்ந்தார். "சத்துக் கொறஞ்சி நோய் வரல. நோய் வந்துச்சி, ஒடம்பு சண்ட போட்டுச்சி, அதுல கொறஞ்சிருச்சி. ஒன் சோத்துல கொற இல்ல."

அதோடு விடவில்லை. விடுமுறை நாட்களில் மோட்டார் சைக்கிளில் அந்தத் தோட்டத்துக்குப் போய் அதையே சொல்லிவிட்டு வருவார். ஏன் என்று கேட்டேன். "ஒரு தடவ சொன்னா நிக்காதுடி. அவ தனியா இருக்கறப்போ அந்தக் கேள்வி மறுபடி வரும்."

செரண்டாவில் அக்காவின் சவப்பெட்டியருகே யாரோ என் கையைப் பிடித்தார்கள். லெட்சுமி. கணவரோடு மோட்டாரில் வந்திருந்தார்.

"நீ அந்த ஆய்வுக்காரப் பொண்ணுதானே? மிஸ்ஸி சொன்னது நெசமா, இல்ல எம்மனசு ஆறட்டும்னு சொன்னாங்களா?"

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இனி அவர் பதில் சொல்லமாட்டார்.

"நெசந்தாங்க்கா" என்றேன்.

"அந்தச் சத்த மொதல்லயே கொடுத்திருந்தா பொழச்சிருப்பாளா?"

இதற்கு அக்கா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் சொன்னேன். "அத யாராலயும் சொல்ல முடியாதுக்கா. ஆனா அவ்வளவு கடுமையான நோயில அந்த அளவு எறங்கித்தான் போவும். அத வச்சி நீங்க போட்ட சோத்தக் கொற சொல்ல முடியாது."

அவர் கையை விடவில்லை. மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன்.

இப்போது விடுமுறை கிடைத்தால் பஸ் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போகிறேன். ஸ்டெல்லா அக்கா விட்டுப்போனதில் நான் எடுத்துக்கொண்டது அந்தப் பதிலைத்தான். போன வாரமும் லெட்சுமி கேட்டார், சொன்னேன். அவர் வீட்டு அலமாரியில் அந்த நெத்திலி டின் இன்னும் இருக்கிறது.