வியாழக்கிழமைக் கிளினிக்

என் அம்மா சிரித்ததை ஒருமுறை நான் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு எட்டு வயது. நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன்.

இத்தனை வருடம் கழித்து அது நினைவுக்கு வந்தது போன சனிக்கிழமை, கடல் கடந்து வந்து நாங்கள் இருக்கிற மல்வேர்னில், மகனுடைய காருக்குள்.

பேத்திக்கு ஆறு வயது. கழுத்து இன்னும் நிற்கவில்லை. வாயால் சாப்பாடு இறங்காது. வயிற்றில் வைத்த குழாயால், ஒரு பம்ப் தள்ளத்தான் பால் போகும். இப்படியான பிள்ளைகளைப் பெற்றவர்கள் சனிக்கிழமைகளில் சமூக நிலையத்தில் ஓர் அறையில் கூடுகிறார்கள். இந்தப் பாடெல்லாம் பட்டுத் தெரிந்த ஒருவரையும் புதிதாக வந்த ஒருவரையும் சோடி சேர்த்துவிடுவார்கள். பிறகு தேத்தண்ணீர், பிஸ்கற், கதை. அவ்வளவுதான். இதற்கு ஏதோ கிராண்ட் என்று உதவிக்காசு கிடைத்திருக்கிறதாம். ஆட்கள் இருந்து கதைப்பதற்கு ஒருவர் காசு கொடுப்பார் என்று முதலில் நான் நம்பவில்லை. ஒழுங்கு செய்கிற பிள்ளை இரண்டு தரம் சொன்ன பிறகு நம்பினேன். எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. நாலு பேருக்கு நடுவில் வாய் திறக்கவும் வராது. சுவரோரக் கதிரையில் இருந்து எல்லோருடைய குளிர்க்கோட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டிருப்பேன். அங்கே என் உத்தியோகம் அது.

மருமகளுக்குக் கிடைத்த சோடி, பக்கத்து ஊர் அஜக்ஸிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வருகிற தமிழ்நாட்டுப் பெண். அவளுடைய மகனுக்கும் குழாய்தான்.

"எங்க வீட்ல அந்த பம்ப் பீப் அடிக்கலைன்னாதான் எனக்குப் பயம். என்னாச்சுன்னு ஓடி ஓடிப் பாக்குறேன்" என்றாள் அவள்.

"எங்கடை வீட்டிலை பம்ப் பேசாமல் கிடக்கும். நான்தான் பீப் அடிக்கிறன்" என்றாள் மருமகள்.

இரண்டு பேரும் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். மருமகளுக்கு வலப்பக்கம் ஒரு தெற்றுப்பல் இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். ஏழு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்.

முடிந்ததும் நான் முதல் ஆளாக வந்து காரில் ஏறினேன். மருமகள் பிள்ளையோடு இன்னும் உள்ளே நின்று கதைத்துக்கொண்டிருந்தாள். மகன் வேலை முடிந்து நேரே வந்தவன். கண் சிவந்திருந்தது.

"அம்மா, உள்ளுக்கை என்னதான் நடக்குது? தெரப்பி ஏதும் குடுக்கினமோ?"

"இல்லை."

"டொக்டர், நேர்ஸ் ஆரும் வருகினமோ?"

"இல்லை அப்பன்."

"பிறகேன் இந்தப் பனிக்குள்ளை பிள்ளையை இழுத்துக்கொண்டு திரிவான்? அவளைக் கேட்டால், போகோணும் எண்டு மட்டும் சொல்லுறாள். நீங்கள் சொல்லுங்கோ. பிரயோசனம் இல்லையெண்டால் இதோடை நிப்பாட்டுவம்."

பெற்ற பிள்ளையிடம்கூட எனக்குச் சட்டென்று வாய் வராது. பனி கண்ணாடியில் விழுந்து, உருகி, வழிந்தது. அதற்கு அங்கால் கார்களும் இல்லை, கட்டடமும் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. பார்த்துக்கொண்டேயிருந்தேன். அந்த வெள்ளைக்குள் ஒரு வேப்பமரம் நின்றது.

ஊரில் எனக்கு ஒரு தம்பி இருந்தான். பேத்தியைப் போலத்தான், நாலு வயதாகியும் கழுத்து நிற்காது. அந்தக் காலத்தில் குழாயும் இல்லை, பம்பும் இல்லை. அம்மா கரண்டி கரண்டியாகக் கஞ்சி ஊட்டுவார். பாதி புரையேறும், பாதி சேலையில் வழியும். அப்பாவின் தமக்கை, எங்களுக்குப் பெரிய மாமி, எங்கள் வீட்டில்தான் இருந்தார். யாராவது வந்தால் தம்பியை உள் அறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பது அவருடைய சட்டம். கெட்ட மனுசி இல்லை. தம்பியைக் கண்டால் நாளைக்கு என்னைக் கலியாணம் பேச ஒருவரும் வரமாட்டார்கள் என்று, எனக்கு எட்டு வயதாக இருக்கும்போதே கவலைப்பட்டவர்.

வியாழக்கிழமைகளில் மட்டும் தம்பி வெளியே போவான். அன்றைக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் கிளினிக். அம்மா இருந்த ஒரேயொரு நல்ல சேலையை உடுத்தி, தம்பியைத் தோளில் சாய்த்து, அவன் தலைக்குக் கீழே துவாயை மடித்து வைத்து பஸ் ஏறுவார். திரும்பி வரும்போது ஏதாவது ஒரு புதுச் சங்கதி கொண்டுவருவார். நாடியை இரண்டு விரலால் தாங்கி ஊட்டினால் புரையேறாதாம், டொக்டர் சொன்னவர். கஞ்சியைக் கொஞ்சம் தடிப்பாகக் காய்ச்ச வேண்டுமாம், டொக்டர் சொன்னவர். வலிப்பு வந்தால் அமுக்கிப் பிடிக்கக் கூடாதாம், ஒருக்களித்துக் கிடத்த வேண்டுமாம். அதுவும் டொக்டர் சொன்னதுதான். பெரிய மாமியே ஒருநாள், "உந்த டொக்டர் கெட்டிக்காரன்தான்" என்று ஒத்துக்கொண்டார்.

சித்திரை விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை, பால்போத்தல் தூக்குவதற்கு என்னையும் கூட்டிப்போனார். டொக்டரின் அறை வாசலில் பெரிய வரிசை. அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு பின் முற்றத்துக்குப் போனார். அங்கே அந்த வேப்பமரம். பூத்துக் கொட்டுகிற காலம்; நிலம் தெரியாமல் வெள்ளையாகக் கிடந்தது. மரத்தின் கீழே, நாலு பேர் இருக்கக்கூடிய சீமெந்து வாங்கில் நெடிய ஒரு பெண் இருந்தார். அவர் மடியில் ஒரு பெண்பிள்ளை. என் வயதுதான் இருக்கும், ஆனால் அவளுக்கும் கழுத்து நிற்கவில்லை.

"என்ன இவ்வளவு நேரம்? பஸ் உம்மை இழுத்துக்கொண்டு வந்ததோ, நீர் பஸ்ஸை இழுத்துக்கொண்டு வந்தனீரோ?" என்றார் அவர். "தாரும் உவனை."

அம்மா தம்பியை அவர் மடியில் கிடத்தினார். அந்தப் பெண்பிள்ளையைத் தான் வாங்கி வைத்துக்கொண்டார். எத்தனையோ நாள் பழகிய வேலைபோல அது நடந்தது. தம்பியைக் கொடுத்ததும் அம்மாவின் தோள் மெல்லக் கீழே இறங்கியது. அந்தத் தோள் எப்போதும் உயர்ந்தே இருந்தது என்பது அது இறங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

தம்பியின் கை தன்பாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். அது அவருடைய வயிற்றில் போய்ப் போய் அடித்தது.

"உவனைத் தவிலுக்கு விடுவமோ? தாளம் பிசகாமல் அடிக்கிறான்" என்றார் அவர்.

"உம்மடை மகாராணியைப் பாருமன்" என்றார் அம்மா. "நான் இவ்வளவு கதைக்கிறன், ஏறெடுத்தும் பாக்கிறா இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர் பாவம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா வாயைப் பொத்தாமல், தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வீட்டில் வேறு யாராவது இதில் பாதியைச் சொல்லியிருந்தால் மூன்று நாள் சாப்பிட்டிருக்கமாட்டார். நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். பூ ஓசையில்லாமல் விழுந்துகொண்டேயிருந்தது. அம்மாவின் தலையில், தம்பியின் நெற்றியில், அந்தப் பெண்பிள்ளையின் திறந்த உள்ளங்கையில். அன்றைக்கு நேரம் நின்றுவிட்டது போலவும் இருந்தது, ஓடிவிட்டது போலவும் இருந்தது.

நெடிய மாமி எனக்கு ஒரு பணிஸ், பேக்கரி பன், தந்தார். இன்னொன்றைப் பிய்த்துப் பாலில் ஊறவைத்து, தம்பியின் நாடியை இரண்டு விரலால் தாங்கி ஊட்டினார். ஒருதரமும் புரையேறவில்லை. நான் பணிஸைத் தின்றுகொண்டு, டொக்டர் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சொன்னார்: "வீட்டை போய் ஒண்டும் அலட்டாதை."

முன்பின் தெரியாத ஒருவர் தந்த பணிஸைக் கைகழுவாமல் தின்றதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பணிஸைப் பற்றி இன்றுவரை ஒருவருக்கும் மூச்சு விட்டதில்லை. இதோ இப்போதுதான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் அன்று பின்னேரமே சொல்லிவிட்டேன்.

"டொக்டர் என்னவாம் சொன்னவர்?" என்று கேட்டார் பெரிய மாமி.

"டொக்டரைக் காணேல்லை, மாமி."

"காணேல்லையோ? பின்னை இவ்வளவு நேரமும் என்ன செய்தனியள்?"

"மரத்துக்குக் கீழை இருந்தனாங்கள். அங்கை இன்னொரு மாமியும் வந்தவ. அம்மா நல்லாச் சிரிச்சவ!"

"எந்த இடத்து ஆக்களாம்?"

அது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது என்று பிறகு தெரிந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, பிள்ளையைக் கொண்டுவரத் தேவையில்லை என்று டொக்டர் சொல்லி ஏழெட்டு மாதமாகியிருந்தது. அதன் பிறகும் அம்மா ஒரு வியாழக்கிழமை தவறாமல் கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பெரிய மாமி சத்தம் போடவில்லை. "கண்ட ஆக்களோடை இருந்து சிரிக்கிறதுக்கோ பிள்ளையை வெயிலுக்கை கொண்டு திரிஞ்சனீர்?" என்று மட்டும் அம்மாவைக் கேட்டார். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த வியாழக்கிழமை அம்மா தம்பியைக் குளிக்க வார்த்து, பவுடர் போட்டு, சேலையை உடுத்திக்கொண்டு வாசல்வரை வந்தார். பெரிய மாமி வாசலை அடைத்தபடி இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகை விலக்கவில்லை. அம்மா தம்பியைத் தோளில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போய்ச் சேலையை மாற்றினார்.

எனக்கென்றால் சந்தோசம். இனி அம்மா வீட்டிலேயே இருந்து சிரிப்பார் என்று நினைத்தேன்.

'டொக்டர் சொன்னவர்' என்ற பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இல்லை. தம்பி இன்னும் இரண்டு மாரிகாலம் இருந்தான்.

"அம்மா, நித்திரையோ?" மகன் கண்ணாடியைத் துடைக்கிற தடியை ஓடவிட்டான். வெள்ளை விலகியது. சமூக நிலையத்தின் கதவு திறந்து இரண்டு பெண்களும் வெளியே வந்தார்கள். பேத்தியின் சக்கரக் கதிரையை அஜக்ஸ்காரி தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுடைய மகனின் கதிரையை என் மருமகள் தள்ளினாள். மாற்றித்தான்.

"உது ஆரம்மா?" என்றான் மகன்.

"அவளின்ரை டொக்டர்" என்றேன்.

"என்ன?"

"வாற சனிக்கிழமை இவள் வராட்டில், அந்த அஜக்ஸ் பிள்ளை கதவைக் கதவைப் பாத்துக்கொண்டிருக்கும் அப்பன். அப்பிடிப் பாக்க விடாதை."

இவ்வளவு நீளமாக நான் பேசி மகன் கேட்டதில்லை. ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு இறங்கிப் போய், கதிரைகளின் சக்கரத்துக்கு முன்னால் கிடந்த பனியைச் சப்பாத்தால் ஒதுக்கிக்கொண்டு வந்தான்.

நான் உள்ளேயே இருந்தேன். அம்மா சேலையை மாற்றிய அந்த வியாழக்கிழமை நெடிய மாமி வந்திருப்பார். அதற்கடுத்த வியாழனும் வந்திருப்பார். அவர் எவ்விடமென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, நாங்கள் எவ்விடமென்று அவருக்கும் தெரியாது. பஸ் சத்தம் கேட்கிற ஒவ்வொரு முறையும், மடியில் தன் பிள்ளையோடு, தோள் இறங்காமல் நிமிர்ந்து பார்த்திருப்பார். பக்கத்தில் எனக்கென்று எடுத்து வைத்த பணிஸின் மேல் வேப்பம்பூ விழுந்துகொண்டிருந்திருக்கும்.