போலகத்துப் போர் வியூக வல்லுநர்

"பேராசிரியர் மதியழகன், உலகப் போர் வியூக வல்லுநர், சர்வதேச அரசியல் கணிப்பாளர்." வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் காரைக்காலின் உள்ளூர் கேபிள் சேனலில் அவர் முகத்துக்குக் கீழே இப்படித்தான் ஓடும். வல்லுநர் விமானம் ஏறியதில்லை. போலகம் கிராமத்தில் அவர் வீட்டு வெண்டைச் செடிகளைப் பக்கத்து வீட்டு ஆடு வருஷக்கணக்காக மேய்ந்துகொண்டிருக்கிறது. அதனோடு ஓர் எல்லை ஒப்பந்தத்துக்கு அவரால் வர முடியவில்லை. கல்லூரியில் அவர் நடத்தியது பதினெட்டாம் நூற்றாண்டு வரலாறு. அதற்குப் பின்னால் நடந்ததெல்லாம் இன்னும் ஆறவில்லை, தொட்டால் சுடும் என்பார்.

ஓய்வு பெற்ற மறுவருஷம் மனைவி ஞானசௌந்தரி இறந்துபோனார். ஒரே மகள் வினோதா தைவானில், ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டில் வாய் திறப்பது குக்கர் மட்டும். அதுவும் ஓர் ஆள் சோற்றுக்கு அதிகம் பேசாது. ஆகவே சேனல் நடத்தும் செந்தில்குமார், "உலக நடப்பு பத்தி வந்து பேசுங்க சார்" என்று கூப்பிட்டபோது, நடப்பு அரசியல் வரலாற்று ஆசிரியனின் வேலை அல்ல என்ற ஆயுட்காலக் கொள்கையை மதியழகன் சட்டை மாற்றுகிற நேரத்தில் மாற்றிக்கொண்டார்.

முதல் வாரங்களில் ஒரு பக்கம் பார்த்தால் இப்படி, மறுபக்கம் பார்த்தால் அப்படி என்று நிதானமாகத்தான் பேசினார்.

"சார், நீங்க ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே இருந்தா ஜனங்க வேற சேனல் பக்கம் போயிடுறாங்க" என்றார் செந்தில்குமார். "அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் சண்டை வருமா, வராதா? ஒத்த வார்த்தை சொல்லுங்க."

"வரலாறு ஜோசியம் இல்ல தம்பி."

"ஜோசியருக்குக் காலையில தனி நிகழ்ச்சி இருக்கு சார். உங்களுக்கு வர்றத விட அவருக்குக் கூட்டம் அதிகம். பாத்துக்கங்க."

பார்த்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை, போர் வரும் என்று சொன்னார். அழகாகச் சொன்னார். இதே கடற்கரையில் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் முறைத்துக்கொண்டு நின்றதையும், இருவரையும் ஆட்டி வைக்கலாம் என்று நினைத்த தஞ்சாவூர் அரசனையும், பீரங்கி வெடித்ததையும், காரைக்கால் கைமாறிக் கைமாறிப் போனதையும் சொன்னார். "மேலே இருப்பவனுக்குப் பயம், வளர்கிறவனுக்கு அவசரம். தைவான் கடலில் இன்று நடப்பதும் அதுதான்" என்று முடித்தார்.

அந்த வீடியோத் துண்டு போன் போனாகப் பரவியது. மறுநாள் டீக்கடை செல்லக்கண்ணு பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தார்.

"எப்ப வருதுன்னு மட்டும் சொல்லுங்க சார், கேஸ் சிலிண்டர் ஒண்ணு கூடுதலா வச்சுக்கிறேன்."

"அதுக்கு இன்னும் நாளிருக்கு."

"அப்படின்னா டீயைக் குடிங்க, ஆறுது."

நெடுநாளைக்குப் பிறகு தன்னிடம் நாலு பேர் ஏதோ கேட்கிறார்கள். மதியழகன் வீட்டுக்கு மெதுவாகத்தான் நடந்தார்.

ஞாயிறு காலை வினோதா அழைத்தாள்.

"அப்பா, வீடியோ பாத்தேன்."

"சத்தம் சரியா கேட்டுச்சா?"

"விளையாடாதீங்கப்பா. இங்க வேலைய நிரந்தரமாக்குறாங்க. முன்னமே சொன்னேனே, அந்தத் திருச்சி காலேஜும் கூப்பிடுது. நாளைக்கு ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணும். எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு. ஆனா சண்டை வரும்னு வேற யாராவது சொன்னா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். நீங்க ஆதாரமில்லாம சொல்ல மாட்டீங்க. வந்துடவா?"

திருச்சி. காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போலகம். சனி, ஞாயிறு வீட்டில் இன்னொரு தட்டு. "வாம்மா" என்று ஒரு சொல் போதும். போர் வரும் என்றுதான் ஏற்கெனவே ஊரறியச் சொல்லியாகிவிட்டதே.

"சாயங்காலம் சொல்றேன்மா" என்று வைத்துவிட்டார்.

பகல் முழுக்கத் தன் பேச்சையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பீரங்கி வெடித்த வருஷமெல்லாம் இருந்தது. இங்கிலீஷ், பிரெஞ்சு வணிகக் கம்பெனிக்காரர்கள் ஒரே கரையில் துணி வாங்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் வைதுகொண்டு, சுடாமல் இருந்த வருஷங்களில் ஒன்றுகூட இல்லை. இப்படிச் சாட்சி பொறுக்கிய மாணவர்களுக்கு அவர் பாதி மதிப்பெண்தான் போடுவார். சேனலுக்காகப் பொறுக்கினோமா, திருச்சிக்காகப் பொறுக்கினோமா என்று யோசித்தார், பிடிபடவில்லை. இதில் வேடிக்கை, போர் நிஜமாகவே வந்தாலும் வரலாம். பாதி சாட்சி சொன்னதாலேயே அது பொய்யாகிவிடாது. அப்படி வந்தால், மகளை இருக்கச் சொன்ன ஆள் அவராக இருப்பார். வரச் சொன்னால், வராத போருக்காக அவள் பிடித்த வேலையை விட்டவளாக இருப்பாள்.

சாயங்காலம் அழைத்தார்.

"எனக்குத் தெரியாதும்மா. டிவியில தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். அத வச்சு முடிவெடுக்காத."



"அப்ப எனக்குப் பிடிச்சத செய்யட்டுமா?"

"செய்யி."

"நீங்க தனியா இருப்பீங்களேப்பா."

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார். அதற்கும் ஆதாரம் கிடையாது.

வினோதா தைவானிலேயே இருந்துவிட்டாள். செந்தில்குமார் இன்னும் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் கூப்பிட்டார். அன்று நேரலையில் மதியழகன், போன வாரம் பாதி சாட்சியைத்தான் சொன்னேன் என்றார், மீதியையும் சொன்னார், போர் வருமா வராதா என்பது தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.