என் தங்கை திரும்ப மாட்டிய காற்றுப் பெட்டி

என் தங்கைக்கு வயது ஐம்பத்து நான்கு, எனக்கு அறுபத்தொன்பது. காற்று மெத்தை செய்யும் தொழிற்சாலையில் அவள் பத்தொன்பது வருடம் நான்கு மாதம் வேலை பார்த்தாள். ஊதிய மெத்தையில் காற்று கசிகிறதா என்று பார்ப்பதும், கசிந்தால் சூடுபோட்டு அடைப்பதும்தான் வேலை. மற்றவர்கள் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி தேடுவார்கள். இவள் கன்னத்தை மெத்தையின் ஓரமாகக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு மெல்ல நகர்த்துவாள். "இங்க" என்பாள். அங்கேதான் இருக்கும். அதனால் அவளுக்கு அங்கே கன்னக்காரி என்று பெயர்.

தொழிற்சாலையை மூடியபோது அவளுக்கு நாற்பத்தெட்டு. மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். நான்காம் மாதம் கார் ஓட்டப் பழகி, பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, மருத்துவமனையின் வண்டிப் பட்டியலில் சேர்ந்துவிட்டாள். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ் செய்துகொள்ளும் மூன்று பேரைக் காலை ஆறு மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். பதினொன்றரைக்கு வீட்டில் விடுவாள். இத்தனை வருடத்தில் அவள் தாமதமானது இரண்டே முறை. ஒன்று ரயில்வே கேட், மற்றொன்று பஞ்சர்.

அவள் வீட்டுக்காரர் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். அவருக்கு வேகத்தின் மேல் தீராத ஆசை. ஓட்டுவது என்னவோ சைக்கிள்தான். போன வருடம் அவளுடைய பிறந்தநாளுக்கு, காரின் எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் மாட்டுகிற பளபளப்பான குழாய் ஒன்றை வாங்கி வந்தார். அதன் முனையில் சிவப்பாக, கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர். கம்பெனிக்காரன் வைத்திருந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே அதை மாட்டினார்.

"இனிமே வண்டி நல்லா மூச்சு விடும் பாரு" என்றார்.

அவள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "மூச்சு விடலைங்க, குறட்டை விடுது" என்றாள்.

ஆசையாக வாங்கித் தந்தது என்பதால் எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை. காரில் வருகிற மூவரில் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஆரம்பிப்பார். "ஏம்மா, ஆஸ்பத்திரிக்குத்தானே போறோம்? பந்தயத்துக்கா?" இப்படியே பதினோரு மாதம் ஓடியது.

வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் காட்ட வேண்டிய வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கொண்டுபோனாள். ஆய்வாளர் பானெட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

"இது கம்பெனி போட்டது இல்லையேம்மா."

"வீட்டுக்காரர் போட்டது சார்."

"அப்ப அவரையே எடுக்கச் சொல்லுங்க. பழையபடி பெட்டிய மாட்டிட்டு வெள்ளிக்கிழமை மூணு மணிக்குள்ள வாங்க. விட்டா அடுத்த தேதி ஆறு வாரம் கழிச்சுதான்."

அவளுடைய பழைய சான்றிதழும் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. சான்றிதழ் இல்லாத வண்டிக்கு மருத்துவமனையில் வேலை கிடையாது. சனிக்கிழமையிலிருந்து அந்த மூன்று பேரும் வேறு வண்டியில் போவார்கள். அப்படிக் கைமாறிய வழித்தடம் யாருக்கும் திரும்பக் கிடைத்ததில்லை. மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். திங்கள்கிழமை வரை கை ஒழியாது என்றார். "நாலு கிளிப்பு, ரெண்டு ஸ்க்ரூ, அவ்வளவுதான்கா. நீங்களே மாட்டிடலாம்."

"நான் மாட்டித் தரேனே" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க மாட்டினதாலதான் இந்தக் கதி. தள்ளி நில்லுங்க."

புதன்கிழமை காலை நான் அவள் வீட்டுக்குப் போனபோது பழைய பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் மூடியும், அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர்க் குழாயும் கடைப் பரணில் செய்தித்தாள் சுற்றிப் பத்திரமாக இருந்தன. அடிப்பாகத்தைக் காணவில்லை. அவள் வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, கூரையைப் பார்த்தார்.

"எங்கங்க?"

"பால்கனில."

பால்கனியில் அதில் புதினா வளர்ந்து கொண்டிருந்தது. பெட்டி நல்ல ஆழம், வீணாக்க மனசில்லை என்றார். தண்ணீர் வடியட்டும் என்று அடியில் துளைகளும் போட்டிருந்தார்.

"நீங்களே சொல்லுங்க மச்சான், புதினா நல்லா வந்திருக்குல்ல?"

"புதினா நல்லா வந்திருக்கு மாப்ள. சோதனைக்கு அதைக் கூட்டிட்டுப் போக முடியாதே."

தங்கை சிரிக்கவில்லை. செடியை வேரோடு வாளிக்கு மாற்றினாள். உதிரிபாகக் கடையில் புதுப் பெட்டி கேட்டாள். வர பத்து நாள் ஆகும் என்றார்கள். போனை வைத்துவிட்டு, பெட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். துளைகள் ஆறு.

"எத்தனை போட்டீங்க?"

"அஞ்சு."

"அப்ப ஒன்னு கம்பெனி போட்டது. மழைத்தண்ணி உள்ள வந்தா வெளியேற. அதை அடைச்சா தப்பு."

விரல் நுனியால் ஒவ்வொரு துளையின் விளிம்பையும் தடவினாள். ஐந்தில் பிசிறு இருந்தது. ஆறாவது வழவழவென்று இருந்தது. அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டாள்.

பெட்டியை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவினாள். வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்து, மண்கறை தெரிந்தால் மறுபடி கழுவினாள். "ஃபில்டருக்கு முன்னாடி வர்ற பகுதிதானே, கொஞ்சம் மண்ணு இருந்தா என்ன?" என்றார் மாப்பிள்ளை. "உங்க பேச்சைக் கேட்டு ஒரு தடவை பட்டாச்சு" என்று மறுபடி குழாயைத் திறந்தாள். பிறகு உடைந்த கறுப்புப் பூந்தொட்டி ஒன்றை எடுத்து, இரண்டும் ஒரே வகைப் பிளாஸ்டிக்தானா என்று அடியில் இருந்த முத்திரைகளை ஒப்பிட்டாள். ஒன்றேதான். அதிலிருந்து ஐந்து வட்டம் வெட்டினாள். ரேடியோ பழுது பார்ப்பவரிடம் சூட்டுக்கம்பி இரவல் வாங்கி, ஒவ்வொரு வட்டத்தையும் துளையின் மேல் வைத்து விளிம்பை உருக்கி இழைத்தாள். பத்தொன்பது வருடம் இதையே செய்த கை. ஆறியதும், வட்டம் போட்ட துளையில் தற்காலிகமாகத் துணித்திரி ஒன்றைச் செருகி, அடியில் செய்தித்தாளை விரித்து, பெட்டியில் தண்ணீர் நிரப்பினாள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தோம். தாளில் ஒரே ஓர் ஈர வட்டம், சாக்பீஸ் குறிக்கு நேர் கீழே.

வியாழக்கிழமை சவாரி முடிந்து, எஞ்சின் ஆறி, 1.15-க்கு வேலையை ஆரம்பித்தாள். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினாள். பளபளப்புக் குழாயை எடுத்தாள். உள்ளே போகும் காற்றை அளக்கிற சென்சார் அந்தக் குழாயில் இருந்தது, இரண்டு ஸ்க்ரூ. சென்சார் வந்தது, அதன் ரப்பர் வளையம் வரவில்லை. குழாய்க்குள் ஒட்டியிருந்ததை நகத்தால் நோண்டி எடுத்துச் சென்சாரில் திரும்ப மாட்டினாள். சென்சாரின் மேல் இருந்த அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கும்படி பழைய மூடியில் பொருத்தினாள். அடிப்பாகம் மூன்று ரப்பர் புடைப்பில் உட்கார்ந்தது. புது ஃபில்டர், மேலே மூடி, நான்கு கிளிப்பு. ரப்பர்க் குழாய், இரு முனையிலும் இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வளையம். பேட்டரி வயரைத் திரும்ப மாட்டி, 2.50-க்குச் சாவியைத் திருப்பினாள்.

குறட்டை போயிருந்தது. ஆனால் எஞ்சின் ஊஞ்சலாடியது. ஏறும், இறங்கும், நிற்கப் போகும், மறுபடி ஏறும். மீட்டரில் மஞ்சள் விளக்கு.

"கம்பெனி சாமானே இப்படித்தான்" என்றார் மாப்பிள்ளை.

மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். "எங்கயோ காத்து வாங்குதுக்கா. சென்சாரத் தாண்டி எங்கயாச்சும் ஓட்டை இருக்கும். வளையத்த இறுக்கிப் பாருங்க." இரண்டையும் கழற்றித் திரும்ப இறுக்கினாள். மாற்றம் இல்லை. தான் அடைத்த பெட்டிதான் கசிகிறதோ என்று அவள் முகம் வாடியது. "அது சென்சாருக்கு முன்னாடி இருக்கிற பகுதிம்மா" என்றேன். தலையாட்டினாள்; ஆனாலும் அன்று சாப்பாட்டில் பாதி அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை 8.20. கூந்தலை இறுக்கி முடிந்து, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன, கன்னத்த வைக்கப் போறியா?" என்றார் வீட்டுக்காரர்.

"இது ஊதுற காத்து இல்லீங்க, உறிஞ்சுற காத்து. கன்னத்துக்குத் தெரியாது."

மெல்லிய டிஷ்யூ தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒரு நீளக் குச்சியின் நுனியில் ஒட்டினாள். பெல்ட் ஓடும் பக்கம் போகாமல், ஒவ்வொரு இணைப்பின் ஓரமாகவும் குச்சியை நகர்த்தினாள். முதல் வளையத்தில் தாள் சும்மா ஆடியது. இரண்டாவதிலும் அப்படித்தான். பிறகு ரப்பர்க் குழாயின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் குச்சியைக் கொண்டுபோனாள். தாள் விசுக்கென்று திரும்பி ஒட்டிக்கொண்டது.

"இங்க" என்றாள். மணி 8.47.

எஞ்சினை நிறுத்திவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடியை அடியில் நீட்டினாள். நான் டார்ச் அடித்தேன். விரல் தடிமனில் ஒரு கிளைக்குழாய், வாய் திறந்தபடி இருந்தது. தங்கை நிமிர்ந்து வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஏதோ ஞாபகம் வந்தது.

"ஓ, அதுவா? அதுல ஒரு ஹோஸ் வந்துச்சு. புதுக் குழாய்ல அதுக்கு இடமில்ல. முனையில குட்டி ஃபில்டர் ஒன்னு மாட்டி, எஞ்சினுக்குப் பின்னாடி கட்டி விட்டுட்டேன்."

"நேத்து முழுக்கப் பக்கத்துலயே நின்னீங்களே!"

"தள்ளி நிக்கச் சொன்னியே."

ஹோஸைக் கட்டியிருந்த கயிற்றை வெட்டினாள், குட்டி ஃபில்டரைப் பிடுங்கி அவர் கையில் வைத்தாள், ஹோஸை அதன் இடத்தில் செருகிக் கிளிப்பைப் போட்டாள். மஞ்சள் விளக்கு அணைய, மெக்கானிக் சொன்னபடி பேட்டரி வயரை இருபது நிமிடம் கழற்றி வைத்து மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. பதினான்கு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். அது மறுபடி வரவே இல்லை.

சோதனைக்கூடத்தில் எங்கள் முறை வர 2.41 ஆனது. ஆய்வாளர் பானெட்டைத் திறந்து குனிந்தார். பெட்டியின் அடியில் கைவிட்டவர் அப்படியே நின்றார்.

"இதென்னம்மா ஒட்டு?"

"ஓட்டை இருந்துச்சு சார். நான்தான் சூடு போட்டு அடைச்சேன்."

"நீங்களா?" நகத்தால் கீறினார். விளிம்பைப் பெயர்க்கப் பார்த்தார்; அசையவில்லை. "தண்ணி போற ஓட்டை ஒன்னு இருக்கணுமே. அதையும் அடைச்சிட்டீங்களா?"

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் சார். விரல வச்சுப் பாருங்க."

அவர் விரல் போய் நின்றது. எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, புகையை அளந்து, சத்தத்தை அளந்து, காகிதத்தில் ஒவ்வொன்றாக நிரப்பினார். முத்திரை விழுந்தபோது சுவர்க் கடிகாரத்தில் 2.56.

"எங்க கத்துக்கிட்டீங்க இந்த ஒட்டு?"

"மெத்தையில சார்" என்று சொல்லிவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டாள்.

கேட்டுக்கு வெளியே வீட்டுக்காரர் கம்பி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாஸா? பாஸா?"

"வண்டி பாஸ். நீங்கதான் இன்னும் பெயில். ஏறுங்க."

நேராக மருத்துவமனைக்கு விட்டாள். வண்டிப் பட்டியலைக் கவனிக்கும் குமாஸ்தா அவளைக் கண்டதும் சங்கடப்பட்டார். "நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சு நாளைக்கு வேற வண்டி நம்பர் எழுதிட்டேன்கா. பென்சில்லதான்."

"அழிங்க."

அழித்தார். அவளுடைய நம்பரை எழுதினார். அவள் நகரவில்லை. அவர் பேனாவை எடுத்து அதன் மேலேயே இன்னொரு முறை எழுதினார்.

"நாளையிலேர்ந்து புதுசா ஒருத்தர் வராரு, உங்க வழியிலதான் வீடு. யார் வண்டியில போடுறதுன்னு தெரியல."

"முன்சீட்டு காலியாத்தான் இருக்கு. எழுதுங்க" என்றாள் என் தங்கை.

சனிக்கிழமை காலை 5.52-க்கு நான்கு பேரை மருத்துவமனை வாசலில் இறக்கினாள்.