வேலிக்கு எந்தப் பக்கம்?

பெற்றோலுக்கும் டீசலுக்கும் வரிசையில் நின்ற காலம் ஒருவழியாக முடிந்ததே, அதற்கு அடுத்த வருஷம் வைகாசி மாதத்தில் நடந்தது இது. இடம், இலங்கையில் எங்கள் மாத்தளை மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், ஹெட்டிபொலவைத் தாண்டி ஒரு யானை வேலி ஓரம். யானைக்காகக் கரண்ட் கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்களே, அந்த வேலி.

நான் எல்கடுவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளை நாளெல்லாம் பார்த்துக்கொள்கிற வேலை. அதனாலோ என்னவோ எனக்குக் குரலும் பெரிது, 'எல்லாம் எனக்குத் தெரியும்' என்கிற நினைப்பும் பெரிது.

எங்கள் தோட்டத்தில் கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் பஸ் ஏறிக் கிழக்குக் கரைக்குப் போய், அங்கே வருகிற பெரிய கூட்டத்தோடு சேர்ந்துதான் நடப்பார்கள். பாதி தூரம் பஸ்ஸில் போய்விட்டு, அது என்ன பாத யாத்திரை? நம் தோட்டத்து முருகன் கோயில் படியில் தேங்காய் உடைத்து, அங்கிருந்தே நடக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். ரத்தோட்டை, ரிவர்ஸ்டன், பல்லேகம, ஹெட்டிபொல, மஹியங்கனை என்று அந்தப் பக்கமாக நடந்து போனவர் எங்களில் ஒருவரும் இல்லை. ஆனாலும் இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். பாதிக்கு மேல் பெண்கள். இரண்டு பேர் பிள்ளைகளையும் கூட்டி வருவதாகச் சொன்னார்கள். கோயில் கூட்டத்தில் ஒரு அண்ணன், "ஆழம் தெரியாம கால விடாதம்மா" என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. "நானே போயி நடந்து பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

ஒரு கொப்பி போட்டேன். எங்கே நல்ல தண்ணீர், எங்கே சமைக்கலாம், எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்தப் புத்த பன்சலையில் படுக்க இடம் தருவார்கள், பெண்களுக்குக் கக்கூஸ் எங்கே என்று பக்கம் பக்கமாகக் கோடு போட்டு வைத்தேன். முதல் பக்கத்தில் யாத்திரை விதிகள். அதில் ஒன்று, காட்டுப் பகுதியில் யானையை 'யானை' என்று சொல்லக் கூடாது என்பது. பெயரைச் சொன்னால் வந்து நிற்குமாம். 'பிள்ளையார்' என்றுதான் சொல்ல வேண்டும். போய் வந்தவர்கள் சொன்ன வழக்கம் அது. அதைப் பெரிய எழுத்தில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டவள் நான்தான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

துணைக்கு என் நாத்தனார் வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை, கொழுந்து பறிக்கிறவள். ஒரு தடவை மலையில் குளவி கொட்டி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதிலிருந்து இலை அசைந்தாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று அவளைச் சீண்டுவதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

பஸ் ஓடுகிற ரோட்டை பஸ்ஸிலேயே பார்த்துக்கொள்வது, சந்தேகமான துண்டுகளை மட்டும் நடந்து பார்ப்பது என்று திட்டம். ஹெட்டிபொலவுக்குப் போகிற வழியில் ஒரு மரத்தடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அங்கே ஒரு கல், அதற்கு மேலே குறுக்குக் கம்பில் நிறைய இலைக் கொப்புகள். கண்டக்டர் இறங்கி ஒரு கொப்பை ஒடித்துத் தொங்கவிட்டுக் கும்பிட்டார். சிங்களச் சனங்களும் வழித்துணைக்குப் பிள்ளையாரைத்தான் கும்பிடுகிறார்கள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. 'பிள்ளையார், கற்பூரம் கொளுத்த நல்ல இடம்' என்று கொப்பியில் எழுதினேன்.

ஹெட்டிபொலவுக்கு அப்பால் போன் மேப்பில் ஒரு குறுக்கு வழி தெரிந்தது. அதில் போனால் அரை நாள் மிச்சம். அந்த முனையில் இருந்த கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு வழி கேட்டேன். கடைக்காரர் சிங்களத்தில், வேலி ஓரமாகவே போகச் சொன்னார். எந்தப் பக்கம் என்பதையும் சொன்னார். எனக்கு 'எஹா பெத்தென்', அதாவது அந்தப் பக்கமாக என்று கேட்டது. வெளியே வந்ததும் நாத்தனார் முணுமுணுத்தாள்.

"அண்ணி, அவரு 'மெஹா'ன்னுதான் சொன்னாரு. இந்தப் பக்கமா போவச் சொல்றாரு."

"எனக்கு சிங்களம் சொல்லித் தர்றியா நீ? சும்மா வா புள்ள."

ஒரே ஒரு எழுத்து. திரும்பிப் போய் இன்னொரு தரம் கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. என் வாய்க்கொழுப்பு விடவில்லை.

வேலியில் ஓரிடத்தில் கரண்ட் படாத கைப்பிடி வைத்த கம்பி வாசல் இருந்தது. கைப்பிடியைக் கழற்றி அந்தப் பக்கம் போய், திரும்ப மாட்டிவிட்டு நடந்தோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் புதர் மண்டிய பற்றைக்காடுதான், வித்தியாசமே தெரியவில்லை. எங்கள் மலையில் யானை கிடையாது. அட்டையும் குளவியும் சிறுத்தையும்தான் எங்களுக்குத் தெரியும். யானை வேலி என்றால் அதன் ஓரமாக நடக்கிறவருக்குப் பாதுகாப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வழியில் மரக்கிளைகள் முறிந்து கிடந்தன. விறகு வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். நாத்தனார் ஒவ்வொரு கிளையிடமும் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

மூன்று மணி இருக்கும். பின்னால் வந்துகொண்டிருந்தவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். 

"அண்ணி... பிள்ளையாரு."

குரலே இல்லை, மூச்சுதான் வந்தது. நானோ பிள்ளைக்காம்பராவில் பேசுகிற குரலில், "எங்க புள்ள?" என்றேன். அவள் முன்னால் கை காட்டினாள். மரத்தடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கல் தெரிந்தது.

"நல்லதாப் போச்சு. நம்மாளுங்க இங்கன கற்பூரம் கொளுத்திட்டு, செத்த நேரம் இருந்துட்டுப் போவலாம்" என்று சொல்லி, பையிலிருந்து கொப்பியை எடுத்தேன். செருப்பைக் கூடக் கழற்றினேன். அவள் என் ஷாலைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணி, பிள்ளையாரு அண்ணி... பெரிய பிள்ளையாரு..."

"பெருசா இருந்தா இன்னும் நல்லதுதானே!"

வெறுங்காலோடு நாலு அடி வைத்திருப்பேன். கல்லுக்குக் காது அசைந்தது.

அடி ஆத்தி! எங்கள் லயத்து வீட்டு வரிசையின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் இருக்கும் தூரம்கூட இல்லை. தனி யானை. அது எங்களைப் பார்த்தபடியே நின்றது. அசைந்த காது நின்றது. தும்பிக்கை மெல்ல மேலே எழுந்து, என் கையில் இருந்த பையின் பக்கம் திரும்பியது. கோயிலுக்கென்று வாங்கிய வாழைப்பழச் சீப்பு அதில் இருந்தது. 'ஓடு' என்று மனசு சொல்கிறது, கால் கேட்கவில்லை. முருகா என்று கூப்பிட வாயைத் திறந்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டது. என் மகளின் முகம் கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்தக் காதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

அப்போது வேலிக்கு மறு புறமிருந்து ஒரு குரல். காட்டை வெட்டி எள்ளு விதைத்த சேனை நிலத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு சிங்கள அம்மா. கத்தவில்லை, தாழ்ந்த குரலில் சிங்களத்தில் சொன்னார். கத்தாதீர்கள், ஓடாதீர்கள், கம்பியில் படாமல் அடியால் தவழ்ந்து இங்கே வாருங்கள், கரண்ட் இருக்கிறது.

எனக்குக் காதில் விழுந்தது, உடம்பில் ஏறவில்லை. இலை அசைந்தால் நிற்கிற என் நாத்தனார்தான் என் கையிலிருந்த பையைப் பிடுங்கித் தூர வீசினாள். என் பிடரியில் கைவைத்து மண்ணோடு அமுக்கினாள். ஷால் கம்பியில் மாட்டாமல் சுருட்டி என் முதுகில் திணித்து, "போங்க அண்ணி, போங்க" என்று தள்ளினாள். கம்பிக்கு அடியில் என் மூக்கு மண்ணில் உரச உரசப் போனேன். தலைக்கு மேலே கம்பி டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் பற்றை முறிகிற சத்தம் கிட்ட வந்தது. நான் இந்தப் பக்கம் வந்து திரும்பினால் அவள் இன்னும் பாதி உடம்பு அந்தப் பக்கம். நானும் அந்த அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். குதிக்காலில் கம்பி பட்டு அவள் துள்ளி விழுந்தாள்.

யானை வேலிவரை வரவில்லை. பையை மிதித்து, பழத்தை எடுத்தது. என் கையிலிருந்து விழுந்து கிடந்த கொப்பியையும் மிதித்துவிட்டு, போகிற வழியில் போனது.

அந்த அம்மா போத்தலில் தண்ணீர் தந்தார். "இந்தப் பக்கம் நமக்கு, அந்தப் பக்கம் அதுகளுக்கு. இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே" என்றார். தண்ணீர் குடித்த பிறகுதான் பெரிய பயம் என்னைப் பிடித்தது. இருபத்திரண்டு பேர். அந்தப் பிள்ளைகள். எல்லாரையும் வரிசையாக, அரோகரா சொல்லச் சொல்லி, நானே அந்தப் பக்கம் நடத்திக்கொண்டு வந்திருப்பேன். விக்கி விக்கி அழுதேன். அழுகையோடு கோபமும் வந்தது.

"ஏன் புள்ள, யானைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

குதிக்காலைத் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே அண்ணி ரெண்டு கோடு போட்டீங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது, நடந்ததை மறைத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது உண்மை. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் கண்ணை மூடினால் அந்த இருபத்திரண்டு பேரும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அடுத்த ஞாயிறு கோயில் கூட்டத்தில் எழுந்து, செருப்பைக் கழற்றியதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், பிள்ளைகளைக் கூட்டி வருவதாகச் சொன்ன இரண்டு பேரும் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஆடியில் நடந்தோம். குறுக்கு வழி வேண்டாமென்று பெரிய ரோட்டிலேயே, அரை நாள் கூடுதலாக. முன்னால் நடந்தவள் என் நாத்தனார். அவள் நின்றால் எல்லாரும் நின்றோம். புதுக் கொப்பியில் அந்த விதியை நான் எழுதவில்லை.

இப்போதெல்லாம் பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தை வந்து "பயமா இருக்கு" என்றால், 'ஒண்ணுமில்ல, சும்மா இரு' என்று நான் அதட்டுவதில்லை. குனிந்து அது கை காட்டுகிற திசையைப் பார்த்து, "எங்க கண்ணு, எந்தப் பக்கம்?" என்று கேட்கிறேன்.