நல்ல நேரத்தில் பூசிய சுவர்

கடை வாசலில் ஒயர் இழுக்கிற பைப்புகளை அடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகக் காந்தம் வைத்துப் பார்ப்பார் பாஞ்சாலை அக்கா. பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம். கடைக்காரர் திருமலை, "என்மேல நம்பிக்கையே இல்லியாக்கா?" என்று அலுத்துக்கொள்வார். "பேசாம இருடா. ஒட்டுனா இரும்பு, ஒட்டலன்னா அலுமினியம்" என்பார் அக்கா.

பதினெட்டு வருஷமாக ஒயரிங் வேலை. பைப் வகைகளைப் பற்றி மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பேசுவார். "பிளாஸ்டிக்க எலி தின்னுடும். ஸ்டீலு நல்லதுதான், வெலை ஜாஸ்தி. அலுமினியம் தூக்க சுகம், துருவும் புடிக்காது. ஆனா ஈர சிமெண்ட்டுல பொதைச்சா அரிச்சிடும். துத்தநாகம் பூசுன இரும்புதான் சுவத்துக்குள்ள நின்னு குடும்பம் நடத்தும்."

இப்பேர்ப்பட்டவரே ஒருநாள் காந்தம் வைக்காமல் விட்டுவிட்டார். கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில் அன்னதானச் சமையல்கூடம் கட்டினார்கள். பத்தரைக்கு நல்ல நேரம் முடிகிறது என்று, அக்கா பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் கொத்தனார் பைப்பைப் பதித்துப் பூசியே விட்டார். முழுப் பைப்பையும் சோதிக்க வழியில்லை. திருமலை கடைச் சரக்குதானே என்று அக்காவும் ஒயரை இழுத்துவிட்டார்.

போன மாதம், பௌர்ணமிக்கு முதல் நாள், திருமலை போன் செய்தார். "அக்கா, சமையல்கூடத்துக்கு அலுமினியப் பைப்புக் கட்ட மாத்தி அனுப்பிட்டேனோன்னு பயமா இருக்குது."

அக்கா போனை வைத்ததும் பக்கத்து வீட்டில் இருக்கும் என்னிடம் ஓடி வந்தார். "வண்டிய எடுங்க சார். நாளைக்கு பத்து பொம்பளைங்க ஈரத்துல வெறுங்காலோட நிப்பாங்க. பைப்பு அரிச்சி ஒயர் நனைஞ்சிருந்தா சுவரே ஷாக் அடிக்கும்."

போனதும் மெயினை அணைத்தார். ஏழு சுவிட்சுப் பெட்டிகளையும் கழற்றி, உள்ளே தெரிந்த ஒவ்வொரு பைப்பின் வாயிலும் காந்தத்தை வைத்தார். முதலாவது ஒட்டியது. இரண்டாவதும் ஒட்டியது. ஏழாவது பெட்டியிலும் ஒட்டியபோது எனக்கே போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் திருமலையின் போன்: "அக்கா, அலுமினியம் இங்க பரண்மேலயே கெடக்குது!"

"உன் வாயில வசம்ப வெச்சித் தேய்க்க!" என்று கத்திவிட்டு அக்கா சிரித்தார். கண்ணில் நீர் முட்டியது.

சமையல்கார ராஜம்மாள், "மெயின போடலாமா?" என்று கேட்டார். "போடுங்க" என்றார் அக்கா. கிரைண்டர் ஓடத் தொடங்கியது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, அந்தச் சுவரிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டார்.