முழுக் கூலி

மேட்டுப்பாளையம் சாலையில் பைப்பும் குழாய்ச் சாமானும் விற்கும் கடை எனக்கு. காலையில் கடை திறந்ததும் வாசலில் நாலைந்து பிளம்பர்கள் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். பேச்சு சுற்றிச் சுற்றிக் கூலியில்தான் வந்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் ஒரு பெண்ணும் வந்து நின்றார்.

பவானிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் பிளம்பர். இவரும் அவரோடு வேலைக்குப் போய், பைப் பதிக்கச் சுவரில் காடி வெட்டுவதும் பைப் அறுத்து ஒட்டுவதுமாகப் பல வருடம் உடன் உழைத்தவர். மழைக்காலத்தில் மாடித் தொட்டி ஏணியிலிருந்து விழுந்து கணவருக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நடக்கலாம், இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் வீடு திரும்பிய சில நாட்களில், கருவிப் பையை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு இவர் கடைக்கு வந்தார்.

"அண்ணா, பிளம்பர் வேணும்னு யாராச்சும் கேட்டா என்னயச் சொல்லுங்க. நா போறனுங்க."

சொல்லி அனுப்பினேன். வேலையில் யாரும் குறை சொல்லவில்லை. கூலி கொடுக்கும்போதுதான் கை சுருங்கியது. அப்போது பிளம்பருக்கு நாளுக்கு ஆயிரத்து இருநூறு, ஹெல்பருக்கு எழுநூறு. இவருக்குப் போன வீட்டிலெல்லாம் ஹெல்பர் கூலிதான் கிடைத்தது. வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவார்.

வடவள்ளியில் ஒரு வீட்டில்தான் அது மாறியது. அந்த வீட்டுக்காரரே பிறகு கடைக்கு வந்து என்னிடம் சொன்னார். சாயங்காலம் வேலை முடிந்ததும் அவர் எழுநூறை நீட்டியிருக்கிறார். இந்த அம்மா வாங்காமல், சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார்.

"தண்ணி நல்லா வருதுங்களா?"

"வருதும்மா."

"ஆம்பள பிளம்பர் மாட்டியிருந்தா இதவிட எச்சா வந்திருக்குங்களா?"

வீட்டுக்காரர் சிரித்துவிட்டு மீதி ஐந்நூறையும் எடுத்துக் கொடுத்தாராம். "கேட்டது நியாயந்தானுங்களே" என்றார் என்னிடம்.

அன்றிலிருந்து கூலியைச் சொல்லி, சரி என்றால்தான் அவர் பையை இறக்குவார். பலர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். வேலை இல்லாமல் மத்தியானம் வரை என் கடை வாசலிலேயே நின்ற நாட்களும் உண்டு. வயதான பிளம்பர் ஒருவர் இரக்கப்பட்டு, "கொஞ்சங் கொறச்சுச் சொல்லு அம்மணி, வேல எச்சா வரும்" என்றார்.

"நான் கொறச்சா, நாளைக்கு உங்க கூலியையும் கொறச்சுப் போடுவாங்கண்ணா."

அவர், தன்னால் போக முடியாத ஒரு வேலைக்கு அந்த வாரமே இவரை அனுப்பிவைத்தார், முழுக் கூலி பேசி.

இந்த ஊரில் மாடிக்கு மாடி சோலார் வெந்நீர் வந்துவிட்டது. அதற்கான பைப்பை மிஷினில் சூடுபண்ணி ஒட்ட வேண்டும். மிஷின் சொந்தமாக வைத்திருக்கிறவருக்குக் கூலி கூடும். இவர் சீட்டு எடுத்து அதை வாங்கினார். வீணாய்ப் போன துண்டுப் பைப்புகளைக் கடையிலிருந்து கேட்டு வாங்கிப் போய், கை பழகும் வரை வீட்டில் ஒட்டிப் பார்த்தார். பாத்ரூமுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசும் பெரிய கட்டட வேலைகளை விட்டுவிட்டார். அங்கே பிளான் மாறினால் மறுபடி செய்வதற்குக் காசு வராது. பழைய வீடுகளின் கசிவு வேலையில்தான் கூலி கையில் நின்றது. பகலில் தனியாக இருக்கும் பெண்கள், வீட்டுக்குள் விடத் தயக்கமில்லாமல், இவரையே கூப்பிட்டார்கள். இப்போது வேலை இருக்கும் வீட்டைப் போய்ப் பார்த்து, செலவு கணக்குச் சொல்லி, போனில் கூலி பேசுவது கணவர். வேலை அவ்வளவு இருப்பதால் அடுத்த வாரத்துக்குத்தான் நாள் கொடுக்கிறார்.

போன மாசம் என் வீட்டிலேயே பாத்ரூம் சுவர் ஈரம் கசிந்து ஓதம் அடித்தது. இவரைத்தான் கூப்பிட்டேன். கடைக்காரன் என்ற உரிமையில், "எனக்குமா அதே கூலி?" என்று கேட்டு வைத்தேன்.

"உங்க கடையில எனக்குப் பைப்பு சும்மாவா தர்றீங்க?" என்று சிரித்துக்கொண்டே முட்டிக்குத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

சுவரில் காதை வைத்து, விரலால் தட்டித் தட்டி, இரண்டே டைல்ஸை எடுத்தார். உள்ளே பைப்பின் வளைவு ஒன்று வெடித்திருந்தது. மாற்றி முடித்துச் சாயங்காலம் முகம் கழுவி வந்தவருக்கு என் மனைவி காபி கொடுத்தாள். அவரோ கணவருக்குப் போன் போட்டு, "இங்க முடிஞ்சுது. வர இன்னுஞ் சித்த நேரமாகுமுங்க, சாப்பாட்டுக்குக் காத்துட்டிருக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் களைப்பு இருந்தது. அதைவிடத் தெம்புதான் எனக்குக் கூடுதலாகக் கேட்டது.