கொலோனில் ஓர் ஓட்டல் கட்டில்

போன வெள்ளிக்கிழமை மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கொலோன் நகரத்தில் ஓர் ஓட்டல் அறை. அகலமான கட்டில், சுருக்கமில்லாமல் இழுத்து விரித்த வெள்ளை விரிப்பு, ஜன்னலுக்கு வெளியே தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம். "நொயெலுக்கு அம்மாவும் நீங்களும் போங்கோ, எல்லாம் பதிஞ்சிட்டன்" என்று குரல் பதிவில் சொல்லியிருந்தாள். நாங்கள் நத்தார் என்கிற கிறிஸ்மஸ் அவளுக்கு நொயெல். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. அந்த விரிப்பைப் பார்த்ததும் பதின்மூன்று வருடத்துக் கோபம் ஒரேயடியாகத் தலைக்கு ஏறிவிட்டது.

விரிப்பு என்றால் எனக்குச் சுகந்திதான், என் மனைவி. அப்போது அவளுக்குப் பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலொன்றில் அறை துப்புரவாக்கும் வேலை. ஊரில் உள்ளவர்கள் எல்லாம் உருண்டு புரண்ட கட்டிலை நாள் முழுக்க விரித்துவிட்டு வருவாள். தான் ஒருநாளும் ஓட்டல் கட்டிலில் படுத்ததில்லை. நான் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவினேன். 2011ஆம் ஆண்டு நத்தாருக்கு என் முதலாளி ஒரு கிழமை கடையைப் பூட்டப்போவதாகச் சொன்னான். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒன்றாகக் கிடைத்த முதல் லீவு அதுதான்.

பாரிஸுக்கு வெளியே சார்செலில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் திட்டம் போட்டோம். பன்னிரண்டு வயது மகள் தன் பள்ளிக் கொப்பியில் பிரெஞ்சில் எழுதினாள். பிரசெல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன். ரயில், ஓட்டல். முதல் வரியே "பத்து மணி வரை நித்திரை" என்றுதான் இருந்தது. சுகந்தி இரண்டு கேள்விதான் கேட்டாள்.

"காலமைச் சாப்பாடு அவையளே தருவினமோ?"

"ஓம்."

"கட்டிலும் அவையளே விரிப்பினமோ?"

"ஓம், ஓம்."

அவள் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களுக்கு ஐரோப்பா என்றால் நகரங்கள் அல்ல, சொந்தக்காரர் வீடுகள். ஆம்ஸ்டர்டாம் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால், பெரியம்மா மகன் வீட்டுச் சோபாவின் நிறத்தைத்தான் சொல்வேன். சொந்தம் இருக்கிற ஊரில் ஓட்டலில் தங்குவது, அந்த வீட்டுக்காரனைச் சந்தியில் நிறுத்திச் செருப்பால் அடிப்பதற்குச் சமம். கொலோனிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் டோர்ட்முண்ட். அங்கே சுகந்தியின் அண்ணன், என் மச்சான். அகதியாக வந்திறங்கிய அவளை இரண்டு வருடம் தன் வீட்டில் வைத்திருந்து எனக்குக் கட்டிக்கொடுத்தவர். ஆகவே யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்தோம்.

மூச்சு விட்டது நான்தான். சனிக்கிழமை பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் தலைமயிர் வெட்டப் போனேன். சலூன் நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு மந்திரி என்ற நினைப்பு வந்துவிடும். சலூன்காரர் காதோரம் கத்திரியை வைத்துக்கொண்டு "நத்தாருக்கு எங்கை அண்ணை?" என்று கேட்டார். "கொலோன். இந்தமுறை ஓட்டல்தான்" என்றேன். பின்னால் காத்திருந்த நாலு பேருக்கும் கேட்க வேண்டுமென்றே கொஞ்சம் பலமாகவும் சொன்னேன். அந்தக் காலத்து லாச்சப்பலில் ஒருவன் பயணப் பெட்டி வாங்கினால் மூன்று நாட்டில் தொலைபேசி அடிக்கும். ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் அடித்தது, டோர்ட்முண்டிலிருந்து.

"மச்சான், ஓட்டலிலை நிக்கப் போறீராம். நான் செத்துப்போனனோ?"

"இல்லை மச்சான், பிள்ளைதான் ஆசைப்பட்டவள்..." என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் பழியைப் போட்டேன்.

"என்ர தங்கச்சி ஓட்டலிலை படுத்தாளெண்டா நான் சனத்துக்கு முன்னாலை எப்பிடி நிமிந்து நடக்கிறது?"

அவ்வளவுதான். ஓட்டல்களை ரத்துச் செய்தோம். மகள் கொப்பியைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

டோர்ட்முண்டில் மச்சான் தளபதி மாதிரி நின்றார். காலை ஆறு மணிக்கு எழுப்புவார். கொலோன் தேவாலயத்துக்குச் சரியாகப் பதினைந்து நிமிடம், அதுவும் வாசலில் நின்று படம் எடுக்க. மீதி நேரமெல்லாம் யாரோ ஒரு சித்தப்பா வீடு, யாரோ ஒரு மாமா வீடு. எல்லா வீட்டிலும் ஒரே ரோல்ஸ், ஒரே தேத்தண்ணீர், ஒரே விசாரணை. எனக்கு எரிச்சலில் பல் கடித்துக் கடித்துத் தாடை நோவெடுத்தது. அவர் தன் கட்டிலை எங்களுக்குத் தந்துவிட்டு வரவேற்பறையில் பாய் போட்டுப் படுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும், சொல்லப் பிடிக்கவில்லை.

நத்தாரன்று மத்தியானம் வீடு நிறைய விருந்தினர். சுகந்தி விடியத் தொடங்கி அடுப்படியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றாள். லீவுக்கு வந்தவளின் தலைமயிரெல்லாம் எண்ணெய் மணம். மச்சான் சோபாவில் இருந்தபடி, "தங்கச்சி, இன்னொரு தட்டு கொண்டு வா" என்றார்.

நான் எழும்பினேன். "மச்சான், அவளை நான் லீவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான். உங்கடை வீட்டுக்கு வேலைக்காரி வேணுமெண்டா வேறை ஆளைப் பிடியுங்கோ."

வருடக்கணக்காக அவர் மனைவி, என் மச்சாளும் அதே அடுப்படியில்தான் நிற்கிறாள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. மச்சானின் முகம் கறுத்துவிட்டது. "ரெண்டு வருஷம் நான் சோறு போட்ட பிள்ளைக்கு நீர் வந்து பரிஞ்சு பேசுறீரோ? இனி என்ர வாசலை மிதியாதையும்" என்றார். சுகந்தி அடுப்பை நிறுத்தினாள், கையைத் துடைத்தாள், கோட்டைப் போட்டுக்கொண்டு, மகளையும் கையில் பிடித்துக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள். அப்போதே ரயிலேறிப் பாரிஸ் திரும்பினோம். வீட்டுக் கதவைத் திறக்கும்போது சொன்னாள்: "நான் கேட்டது ஓட்டல். சண்டையில்லை."

அதன்பிறகு அண்ணனும் தங்கையும் பேசவில்லை. எனக்கு இல்லாத வாசல் தனக்கும் வேண்டாம் என்று அவளும் நின்றுவிட்டாள். அவர் அதே வீட்டில், அதே தொலைபேசி இலக்கத்தில் இருக்கிறார். நானாக எடுத்துப் பேசமாட்டேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற எண்ணத்தை இன்றைக்கும் நான் விடவில்லை.

ஆனால் நேற்றுச் சனிக்கிழமை ரயிலேறி லாச்சப்பலுக்குப் போனேன். பழைய சலூன் இருந்த இடத்தில் தொலைபேசி திருத்தும் கடை. புதிய சலூனில் காதில் எதையோ செருகியிருந்த பொடியன், நான் கொலோன் என்றதற்கு "பொன் வக்கான்ஸ்" என்று இனிய லீவு சொல்லிவிட்டுக் கத்திரியை எடுத்தான். மரக்கறிக் கடையில் சொன்னேன், நகைக்கடை வாசலிலும் சொன்னேன். "ஓட்டலிலை நிக்கப் போறம்" என்று நன்றாக அழுத்தியும் சொன்னேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. யார் யார் வீட்டில் தங்குகிறார்கள் என்று இப்போது எவருக்கும் அக்கறை இல்லை. இனி டோர்ட்முண்டுக்குச் சேதி எப்படிப் போகும்? அந்த வம்புக்கார லாச்சப்பலை அன்றைக்கு மண்ணள்ளித் தூற்றினேன். நேற்று அதைத் தெருத்தெருவாய்த் தேடினேன்.

இன்று ஞாயிறு மத்தியானம். சுகந்தி மேசையில் தொலைபேசியை வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கிறாள்.

"சலூனிலை சொன்னனீங்களோ?"

"ஓம்."

"பலமாய்ச் சொன்னனீங்களோ?"

"மூண்டு கடையிலை சொன்னன்."

அவள் என்னை ஏசவில்லை. கையைத் துடைத்துவிட்டு, தொலைபேசியின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.